ஆஸ்பரகஸ் பருவத்துக்கு ஒரு சில்வானர்

ஏப்ரல் பாதியைத் தாண்டிவிட்டால் மைன் ஆற்றங்கரைச் சாலைகளில் சின்னச் சின்ன மரக்கடைகள் வந்துவிடும். ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தின் வடபகுதியில், ஃபிராங்கன் என்று சொல்லப்படும் பகுதி இது. வோல்காஹ், நோர்ட்ஹைம், ஸோமராஹ் என்ற ஊர்களை ஒட்டி ஆறு பெரிய வளைவு ஒன்று போடுகிறது. ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல்தான் அங்கே பல வயல்களில் மண். அந்த மணலில் விளையும் வெள்ளை ஆஸ்பரகஸ் என்ற தண்டுக் காய்க்காகத்தான் இந்தக் கடைகள். ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேலும் வெட்டிக்கொண்டே போனால், அடுத்த வருஷத்துக்கு வேண்டிய சத்தைச் சேர்த்துவைக்கச் செடிக்கு அவகாசம் இருக்காது. ஆக, பத்து வாரம். அந்தப் பத்து வாரமும் எந்த உணவகத்துக்குப் போனாலும் ஆஸ்பரகஸுக்கென்று தனி மெனு அட்டை கொடுப்பார்கள். கூடவே என்ன குடிக்கலாம் என்று கேட்டால் பரிமாறுகிறவர் யோசிக்கவே மாட்டார். சில்வானர் என்பார். அது ஒரு வெள்ளை ஒயின் திராட்சை; அதிலிருந்து வரும் ஒயினுக்கும் அதே பெயர்.

ஜெர்மன் வெள்ளை ஒயின் என்றால் உலகம் முழுக்க ரீஸ்லிங்தான். அந்தப் புகழுக்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு எந்த பாட்டிலைத் திறக்கலாம் என்றால் என் கை சில்வானருக்குத்தான் போகும். ஒயின் சுவைப்புக் கூட்டங்களில் இது பெரும்பாலும் பின்வரிசையில் நிற்கும். வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டு மதிப்பெண் போடும் இடத்தில், வாசனையைக் கொட்டுகிற ஒயின்தான் ஜெயிக்கும். சில்வானரிடம் அந்த ஆரவாரம் கிடையாது. அதனால் "சுமார்" என்று எழுதிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுகிறார்கள். அளக்கும் இடமே தவறு என்பது என் கட்சி. இந்த ஒயினைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒயின் மனிதன் சாப்பாட்டோடு குடிக்கத்தானே வந்தது?

முதலில் கோப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நான் சொல்வது புதுச் சில்வானரை. முந்தின இலையுதிர்காலத்தில் பறித்து, எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்கவிட்டு, வசந்தம் வந்ததும் பாட்டிலில் அடைத்தது. வெளிறிய மஞ்சள் நிறம், ஓரத்தில் லேசான பச்சை. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பெரிதாக ஒன்றும் வராது. கோப்பையைக் கொஞ்சம் சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தால் பேரிக்காய், பச்சை ஆப்பிள், அப்புறம் காய்ந்த புல், கொஞ்சம் ஈரமண். வாயில் புளிப்பு உண்டு, ஆனால் பல் கூசாது. ரீஸ்லிங்கில் லிட்டருக்கு ஏழெட்டு கிராம் அமிலம் சர்வசாதாரணம். சில்வானரில் அது பொதுவாக ஐந்து, ஆறு கிராமோடு நின்றுவிடும். ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் மெல்லிய கசப்பு ஒன்று தங்கும். அந்தக் கசப்பை மறந்துவிடாதீர்கள், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. புளிப்பு ஈடுகொடுக்கும் அளவுக்கு இருந்தால், லிட்டருக்கு 9 கிராம் வரை சர்க்கரை உள்ள ஒயினுக்கும் "ட்ரோக்கன்", அதாவது இனிப்பில்லாதது, என்று லேபிள் ஒட்ட ஜெர்மனியில் சட்டம் இடம் கொடுக்கிறது. ஃபிராங்கன்காரர்களின் கணக்கு இதைவிடக் கறார். 4 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் அவர்கள் ட்ரோக்கன் என்பார்கள். ஜெர்மன் ஒயின் என்றாலே தித்திப்பு என்று நினைத்து ஒதுக்கியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இப்போது ஆஸ்பரகஸ். நம்மூர்த் தண்ணீர்விட்டான் கொடியும் இதுவும் ஒரே பேரினம். நாம் கிழங்கை மருந்துக்குத் தோண்டுகிறோம், இவர்கள் தளிரைச் சாப்பாட்டுக்கு வெட்டுகிறார்கள். வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் வெயில் படாததுதான். செடியின் மேல் மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாக அணைத்துவிடுவார்கள். தளிர் அந்த இருட்டுக்குள்ளேயே மேலே வருகிறது. நுனி வெளியே எட்டிப் பார்த்துவிட்டால் ஊதாவாகி, பிறகு பச்சையாகிவிடும். அதற்கு முன்பே மேட்டில் விழும் கீறலைப் பார்த்து, விரலால் மண்ணை விலக்கி, நீளமான கத்தியை உள்ளே விட்டு ஒவ்வொரு தண்டாக வெட்ட வேண்டும். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும் பருவத் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறார்கள். விடிகாலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராது. கிலோவுக்கு இவ்வளவா என்று விலையைப் பார்த்து மலைக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மைன் கரையில் இருக்கும் வூர்ட்ஸ்பூர்க் நகரத்துச் சந்தையில் ஆஸ்பரகஸ் விற்கிற அம்மா ஒருவர் இரண்டு தண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று உரசிக் காட்டுவார். "கீச்சென்று சத்தம் வந்தால் இன்றைக்கு வெட்டியது, தயங்காமல் வாங்குங்கள்" என்பார். அடிப்பக்கம் வெட்டிய இடத்தை நகத்தால் அழுத்தினால் ஈரம் கசிய வேண்டும். நேற்றையது என்றால் அந்த இடம் காய்ந்து, லேசாகப் புளித்த வாடை வரும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

உரிப்பதில்தான் பொறுமை வேண்டும். தலைக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு, அங்கிருந்து அடி வரைக்கும் சுற்றிச் சுற்றித் தோலைச் சீவ வேண்டும். கையில் படுக்கவைத்துப் பிடிக்காவிட்டால் தண்டு பட்டென்று ஒடிந்துவிடும். ஒரு கீற்றுத் தோல் விட்டுப்போனாலும் வாயில் நாராக மாட்டிக்கொள்ளும். சீவிய தோலைக் கொட்டிவிடக் கூடாது. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய் போட்ட தண்ணீரில் தோலைக் கொதிக்கவிட்டு வடித்து, அந்தத் தண்ணீரிலேயே தண்டுகளை வேகவைத்தால் மணம் இரட்டிப்பாகும். பருமனைப் பொறுத்துப் பத்திலிருந்து பதினைந்து நிமிஷம். முள்கரண்டியில் குத்தித் தூக்கினால் இரு பக்கமும் வளைய வேண்டும், குழையக் கூடாது. மிச்சத் தண்ணீரில் மறுநாள் சூப்.

தட்டில் இதோடு தோலுரித்த புது உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய். வேண்டுமென்றால் மெலிதாகச் சீவிய பன்றி ஹாம். அவ்வளவுதான். மிளகு இல்லை, பூண்டு இல்லை, தாளிப்பு இல்லை. தாளிப்பு மணத்தில் வளர்ந்த நாக்குக்கு இது முதலில் வெறுமையாகப்படும். ஆனால் மெதுவாகத் தின்றால் உள்ளே ஓர் இனிப்பு, முந்திரி மாதிரி ஒரு கொழுப்புச் சுவை, அப்புறம் ஒரு பச்சைக் கசப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியவரும்.

இந்தத் தட்டுக்கு ஒயின் தேடுவது லேசான காரியமில்லை. ஆஸ்பரகஸ் வேகும்போது கந்தகச் சேர்மங்கள் வெளிவருகின்றன. கூடவே அந்தப் பச்சைக் கசப்பு. துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினை இதோடு குடித்தால் வாயில் இரும்பு நக்கின ருசி வரும். ஓக் பீப்பாயில் ஊறிய வெள்ளை ஒயினில் மரமும் வனிலாவும் மேலேறி ஆஸ்பரகஸை அமுக்கிவிடும். புளிப்பு மிகுந்த ரீஸ்லிங் காயின் இனிப்பைக் கத்தியால் சீவுகிற மாதிரி சீவிவிடும்; பிறகு தட்டில் கசப்பு மட்டும் மிஞ்சும். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைப் பலர் சிபாரிசு செய்வார்கள், அதன் புல்வாசனை ஆஸ்பரகஸோடு ஒத்துப்போகும் என்று. பச்சை ஆஸ்பரகஸுக்கு அது சரி. வெள்ளைக்கு அது சத்தம் கூடுதல்.

சில்வானரை வைத்துப் பாருங்கள். ஒரு துண்டு ஆஸ்பரகஸை வெண்ணெயில் புரட்டி வாயில் போட்டு, விழுங்கியதும் ஒரு வாய் ஒயின். வெண்ணெய்ப் படலத்தை நாக்கிலிருந்து கழுவிவிடும் அளவுக்குப் புளிப்பு இருக்கிறது, காயின் இனிப்பைத் தொடும் அளவுக்கு இல்லை. ஒயினின் கடைசியில் வரும் அந்த மெல்லிய கசப்பும் ஆஸ்பரகஸின் கசப்பும் சந்திக்கிற இடத்தில் இரண்டுமே கசப்பாகத் தெரியாமல் போய்விடுகின்றன. பேரிக்காய்ச் சுவை மட்டும் முன்னால் வருகிறது. தனியாகக் குடித்தபோது ஒளிந்திருந்த பழம் இப்போதுதான் வெளியே வருகிறது. ஒயினும் காயும் ஒன்றையொன்று திறந்துவிடுவதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை. இதை ஒருமுறை ருசித்தவர் சில்வானரை "சுமார்" என்று சொல்ல மாட்டார்.

முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து அடிக்கிற ஹாலண்டேஸ் சாஸ் ஊற்றினால் கதை கொஞ்சம் மாறும். சாஸ் கனமானது, அதற்கு ஒயினும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். அப்போது சாதாரண கிராமத்து ஒயின் போதாது. நல்ல சரிவில் விளைந்த, கொஞ்சம் கூடுதலாகப் பழுத்த சில்வானராக எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் வெறும் வெண்ணெய்தான் உத்தமம்.

இந்தத் திராட்சை எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதற்குத் தேதி போட்ட ஆவணமே இருக்கிறது. 1659 ஏப்ரல் 6 அன்று, ஷ்டைகர்வால்ட் மலையடிவாரத்தில் இருக்கும் காஸ்டெல் என்ற சிற்றூரில், அந்த ஊர்ப் பிரபுக்களின் தோட்டத்தில் 25 கன்றுகளை நட்டார்கள். அப்போது அதற்குப் பெயர் "ஓஸ்டர்ரைஷர்", ஆஸ்திரியாக்காரன். ஜெர்மனியில் சில்வானர் பற்றிக் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்து, ஊர்கள் ஆளில்லாமல், தோட்டங்கள் புதர் மண்டிக் கிடந்த காலம். குளிரும் கடுமையாக இருந்த நூற்றாண்டு. ஒழுங்காகப் பழுத்து, ஒழுங்காக விளைச்சல் கொடுக்கிற ஒரு செடி தேவைப்பட்டது. ஆறு வருஷம் கழித்து, 1665இல், எப்ராஹ் மடத்தின் தலைவர் ஆல்பெரிஷ் டேகன் இதை வூர்ட்ஸ்பூர்க்கின் ஷ்டைன் சரிவில் நடவைத்தார். அந்தப் பழைய பெயர் சும்மா வந்ததில்லை என்று பிற்காலத்தில் மரபணுச் சோதனையும் சொல்லிவிட்டது. ட்ராமினர் திராட்சையும், "ஆஸ்திரிய வெள்ளை" என்ற பழைய ஆஸ்திரிய ரகமும் இயற்கையாகக் கலந்து பிறந்ததுதான் சில்வானர்.

போன நூற்றாண்டின் அறுபதுகள் வரைக்கும் ஜெர்மனியில் அதிகம் பயிரான திராட்சைகளில் முன்னணியில் இருந்தது இது. பிறகு சரிவு. விளைச்சல் அதிகம் கொடுக்கும் முல்லர்-துர்காவ் அந்த இடத்தைப் பிடித்தது. ரைன்ஹெஸன் பகுதியில் சில்வானரைச் சமவெளியில் அளவில்லாமல் விளைவித்து, தித்திக்கும் மலிவு ஒயின்களில் கலந்து விற்றார்கள். பெயர் கெட்டது. இன்றைக்கு ஜெர்மனியின் மொத்தத் திராட்சைப் பரப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவுதான் சில்வானர். பரப்பளவில் இப்போதும் ரைன்ஹெஸன்தான் முதலிடம். ஆனால் இதைத் தன் அடையாளமாகப் பிடித்துக்கொண்டிருப்பது ஃபிராங்கன். அங்கே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலத்தில் இதுதான் நிற்கிறது.

அதற்கு மண்ணும் ஒரு காரணம். வூர்ட்ஸ்பூர்க்கைச் சுற்றி "மூஷெல்கால்க்" என்ற கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல். சுமார் 24 கோடி வருஷங்களுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதன் படிவு இது. தோட்டத்துச் சுவர்க் கற்களை உற்றுப் பார்த்தால் சிப்பி அச்சுகள் அப்படியே தெரியும். கிழக்கே காஸ்டெல், இஃபோஃபன் பக்கம் போனால் "கொய்ப்பர்" என்ற களிமண், ஜிப்சம் கலந்தது. கல்லின் ருசி வேர் வழியாக ஏறிக் கோப்பைக்குள் வந்துவிடுகிறது என்று ஒயின் விற்பவர்கள் சொல்வது அழகான பேச்சு, அவ்வளவே. தண்ணீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது, வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் மண் தன் வேலையைக் காட்டுகிறது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்துக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. சுண்ணாம்புச் சில்வானர் ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கும். கொய்ப்பரில் விளைந்தது மூலிகை வாசனையோடு, கொஞ்சம் சதைப்பற்றாக இருக்கும். ஆஸ்பரகஸுக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன். வாசனை குறைந்த திராட்சை என்று எதைக் குறையாகச் சொல்கிறார்களோ, அதனால்தான் இந்த வித்தியாசம் மறைக்கப்படாமல் தெரிகிறது.

பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போக்ஸ்பாய்ட்டல் என்று பெயர். உருண்டையாகத் தொடங்கித் தட்டையாக அமுக்கிவிட்ட பச்சைக் குடுவை, சின்னக் கழுத்து. சரிவில் வேலை செய்கிறவர் கீழே வைத்தால் உருண்டு ஓடாது. 18ஆம் நூற்றாண்டில் ஷ்டைன் சரிவு ஒயினுக்குக் கிராக்கி ஏறியதும், கண்ட ஒயினையும் அந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 1728இல் வூர்ட்ஸ்பூர்க் நகர மன்றம், ஷ்டைன் ஒயினை முத்திரையிட்ட போக்ஸ்பாய்ட்டலில்தான் விற்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அதுவே பிறகு ஃபிராங்கன் முழுவதற்கும் அடையாளமாகிவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் நிற்காது என்பது ஒரு தொந்தரவு. படுக்கவைத்தால் சரி.

வூர்ட்ஸ்பூர்க்கில் பெரிய ஒயின் தோட்டங்கள் யாரிடம் இருக்கின்றன என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். ஊர் மக்களால் பூர்கர்ஷ்பிட்டால் என்றழைக்கப்படும் அறக்கட்டளை 1316இல் முதியோருக்காகத் தொடங்கப்பட்டது. யூலியுஸ்ஷ்பிட்டால் 1576இல் ஆயர் யூலியுஸ் எஷ்டர் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கட்டியது. இரண்டுக்கும் எழுதிவைக்கப்பட்ட சொத்து காடு, வயல், திராட்சைத் தோட்டம். இன்றும் அந்த ஒயின் வருமானம் முதியோர் இல்லத்துக்கும் மருத்துவப் பணிக்கும் போகிறது. யூலியுஸ்ஷ்பிட்டாலின் நிலவறையில் மரப் பீப்பாய்கள் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு வரிசைகட்டி நிற்கின்றன. உள்ளே போனால் ஈரக்கல்லும் பழைய மரமும் கலந்த வாசனை. கோவிலுக்கு எழுதிவைத்த நிலத்தின் விளைச்சலில் அன்னதானம் நடக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாலையில் ஊர் முழுக்கப் பழைய மைன் பாலத்தில்தான் நிற்கும். கல் பாலம், இரு பக்கமும் புனிதர்களின் சிலைகள். பாலத்தின் முனையில் கோப்பைக்கு டெபாசிட் கட்டி ஒயின் வாங்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று குடிப்பார்கள். மாணவர், வக்கீல், ஓய்வுபெற்ற தபால்காரர் எல்லாரும் ஒரே சுவரில். "ஷோப்பன்" என்றால் இங்கே கால் லிட்டர். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஒயின் என்பது விருந்துக்கான ஆடம்பரமாகவும் இல்லை, ஒளித்துக் குடிக்கிற சரக்காகவும் இல்லை, காய்கறி மாதிரி ஊரில் விளைந்த ஒரு பண்டமாக இருக்கிறது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பாலத்தடியில் ஓடும் ஆற்றின் பொடிமீன்தான் சில்வானரின் அடுத்த கூட்டாளி. "மேஃபிஷ்லி" என்பார்கள். மாவில் புரட்டிப் பொரித்து, தலையோடு வாலோடு கையால் எடுத்துத் தின்ன வேண்டியது. பாலத்தில் நிற்கும் புனித கிலியனின் சுண்டுவிரலைவிட மீன் நீளமாக இருக்கக் கூடாது என்று ஊரில் ஒரு சொலவடை. நெத்திலி வறுவல் தின்று வளர்ந்தவர்கள் முதல் கடியிலேயே சிரித்துவிடுவார்கள். எண்ணெய்ப் பண்டத்துக்குக் குளிர்ந்த சில்வானர் அருமை: எலுமிச்சையைப் பிழிந்த வேலையை அது செய்துவிடும், மீனின் மென்மையான கசப்பையும் கெடுக்காது.

கெண்டை மீன் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஃபிராங்கன் முறையில் நெடுக்குவாட்டில் பாதியாகப் பிளந்து, வால் சுருண்டு மேலே நிற்கப் பொரித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கும் இதுவே. ப்ராட்வூர்ஸ்ட் தொத்திறைச்சியை வாட்டி, புளித்த முட்டைக்கோஸோடு கொடுத்தாலும் பொருந்தும். அதே தொத்திறைச்சியை வினிகரும் வெங்காயமும் போட்ட சாற்றில் வேகவைத்து "நீல நுனி" என்ற பெயரில் ஒரு பண்டம் உண்டு. ஊர்க்காரர்கள் அதற்கும் சில்வானர்தான் குடிக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வினிகர் எந்த ஒயினையும் வாய் திறக்க விடாது. அதற்கு பியர் போதும்.

மைன் ஆறு இங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போகிறது. அங்கே வசந்தத்தில் ஏழு மூலிகைத் தழைகளைப் பொடியாக நறுக்கித் தயிரிலும் புளித்த க்ரீமிலும் கலந்து பச்சை சாஸ் செய்வார்கள். வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்கு, மேலே இந்த சாஸ். ஃபிராங்க்ஃபர்ட்டில் இதோடு ஆப்பிள் ஒயின் குடிப்பது மரபு. ஆனால் சில்வானரின் மூலிகை வாசனைக்கு இதைவிடப் பொருத்தமான சைவத் தட்டு கிடையாது. புதிதாகச் செய்த ஆட்டுப்பால் சீஸும் அப்படித்தான்.

நம் சமையலில் எதற்குப் போகும் என்று கேட்பவர்களுக்கு: மிளகாய் தூக்கலான எதற்கும் போகாது. காரத்தை உணர்கிற அதே நரம்பு ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது, அதனால் காரம் எரிச்சலாக ஏறும். இனிப்பே இல்லாத ஒயினில் அதை அணைக்க எதுவும் இருக்காது. செட்டிநாட்டுக் கோழிக்கு ஒயின் வேண்டும் என்றால் ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பக்கத்து ரீஸ்லிங் கபினெட், ஆல்கஹால் குறைந்து மிச்ச இனிப்போடு இருப்பது, அதுதான் வழி. சில்வானரின் இடம் தேங்காய்ப்பால் பக்கம். பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, பச்சைமிளகாயைக் கீறி மட்டும் போட்ட திருநெல்வேலிச் சொதி, இடியாப்பம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வெண்ணெயின் இடத்தில் நிற்கிறது, முருங்கைக்காயின் பச்சை வாசனை ஆஸ்பரகஸின் இடத்தில். என் வீட்டில் ஜூன் 24 தாண்டிய பிறகு சில்வானர் திறக்கப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான். வாழைத்தண்டுக் கூட்டும் நன்றாகச் சேரும். புளிக்குழம்பையும் ஊறுகாயையும் தள்ளி வைத்துவிடுங்கள்.

வாங்கும்போது லேபிளில் "சில்வானர்", "ட்ரோக்கன்", "ஃபிராங்கன்" என்ற மூன்று சொற்களும், கழிந்த ஆண்டின் எண்ணும் இருந்தால் போதும். பத்து யூரோவை ஒட்டியே நல்லது கிடைக்கும். எஷர்ன்டோர்ஃபின் லும்ப், இஃபோஃபனின் யூலியுஸ்-எஷ்டர்-பெர்க், வூர்ட்ஸ்பூர்க்கின் ஷ்டைன் என்று சரிவின் பெயர் போட்டவை விலை கூடுதல்; அவற்றைச் சில வருஷம் வைத்துக் குடிக்கலாம், கெண்டை மீனுக்கும் காளான் சமையலுக்கும் எடுக்கலாம். ஆஸ்பரகஸுக்கு இளசுதான். 8 டிகிரியிலிருந்து 10 டிகிரி வரை குளிர்ச்சி. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஊற்றினால் ஏற்கெனவே அமைதியான ஒயின் ஊமையாகிவிடும்; பத்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஐஸ் போட வேண்டாம்.

ஃபிராங்கன் சில்வானர் கிடைக்காத ஊரில் இருந்தால் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து வருவதைத் தேடலாம். அங்கே இன்னும் கொஞ்சம் மெலிதாக, எலுமிச்சை வாசனையோடு இருக்கும். இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையில் ஐஸாக் பள்ளத்தாக்கிலிருந்து வருவது புளிப்பு கூடியது, மீனுக்கு நல்லது. அல்சாஸ்காரர்களும் பெரிய ஆஸ்பரகஸ் பிரியர்கள்தான். ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்து ஹோர்ட் கிராமம் அதற்கே பேர்போனது. ஆனால் அவர்கள் ஆஸ்பரகஸோடு ஊற்றுவது மணக்க மணக்க மஸ்கா ஒயின். அது தப்பென்று சொல்ல மாட்டேன், அந்த மணமும் நல்ல மணம்தான். அங்கே போனாலும் நான் சில்வானர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.